நல்லா சண்டை போடுங்கய்யா!

பட்ஜெட் சமயத்தில் எந்தக் கட்சிக்குள்ளாவது சலசலப்பு கிளம்பினால் நம் பத்திரிகைகள் உடனே ஒரு தலைப்பைத் தயாராக எடுத்து ஒட்டிவிடும்: 'உட்கட்சிப் பூசல்'. கூடவே ஒரு தலையங்கம். நாடு கடனில் தத்தளிக்கும்போது இவர்கள் அடித்துக்கொள்கிறார்களே, பொறுப்பு இல்லையா என்று. டீக்கடையிலும் அதே பாட்டு. என் வகுப்பில் பொருளாதாரம் பேசும் நாலு பேரும் அதையேதான் சொல்கிறார்கள்.

நான் நேர் எதிராகச் சொல்கிறேன். பட்ஜெட்டை வைத்துக் கட்சிக்குள் சண்டை நடந்தால் அது நல்ல சகுனம். நம்மைக் கடனாளியாக்கியது அந்தச் சண்டை இல்லை. சண்டையே போடாமல் மேஜையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்தான் ஆக்கினார்கள். இரண்டாவது குற்றவாளி ஒன்று உண்டு, சண்டை முடிந்ததும் வருகிற சோம்பேறிச் சமரசம். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டு இருக்கிறோம்.

சும்மா சொல்லவில்லை மக்களே, கணக்கோடு வருகிறேன்.

1991. நம்மில் பலரும் பிறக்காத வருடம். சந்திரசேகர் பிரதமர், யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சர். வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த காங்கிரஸ் முழு பட்ஜெட் போட விடவில்லை. மார்ச் 4ல் இடைக்கால பட்ஜெட், மார்ச் 6ல் ராஜினாமா. கஜானாவில் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குக்கூடத் தாங்காத நிலை. மே மாதம் கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தங்கத்தில் 20 டன் ஸ்டேட் வங்கி மூலம் சுவிஸ் வங்கிக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் 46.91 டன் லண்டனுக்குப் பறந்தது. நம்மூர் மொழியில் சொன்னால், வீட்டுப் பெண்களின் நகையைச் சேட்டுக் கடையில் வைத்து அரிசி வாங்கிய கதை. நடுவில் மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. ஜூன் 21ல் நரசிம்மராவ் பதவியேற்றார். பெரும்பான்மை இல்லாத அரசு.

ஜூலை 24ல் மன்மோகன் சிங் பட்ஜெட் வைத்தார். 'சந்தையைத் திறந்துவிட்ட பட்ஜெட்' என்று பாடப்புத்தகம் பாராட்டும் அதே பட்ஜெட். அதில் பாடப்புத்தகம் ஓரமாக ஒதுக்கிவிடுகிற ஒரு வரி உண்டு: உர விலை 40 சதவீதம் ஏறுகிறது. யூரியா டன் 2,350 ரூபாயாக இருந்தது, ஒரே ராத்திரியில் 3,300 பக்கம் போனது. 50 கிலோ மூட்டை 117 ரூபாய் 50 காசிலிருந்து சுமார் 165 ரூபாய்.

வெடித்தது. யார் வெடித்தார்கள் என்பதுதான் விஷயம். எதிர்க்கட்சி கத்தும், அது வழக்கம். இங்கே காங்கிரஸ் எம்.பி.க்களே எழுந்து நின்றார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் நடந்த கட்சியின் நாடாளுமன்றக் குழுக் கூட்டத்தில் நிதியமைச்சரைச் சொந்தக் கட்சிக்காரர்களே கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். அவர்கள் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது. அந்த ஜூலை மாதத்தில் மன்மோகன் சிங் எந்தச் சபையிலும் உறுப்பினர் கிடையாது, அக்டோபரில்தான் மாநிலங்களவைக்கு வந்தார். நரசிம்மராவ் நவம்பரில் நந்தியால் இடைத்தேர்தலில் ஜெயித்துத்தான் எம்.பி. ஆனார். அதாவது விலையை ஏற்றிய இரண்டு பேரும் யாரிடமும் ஓட்டுக் கேட்டு வரவில்லை. எதிர்த்தவர்கள் இரண்டு மாதம் முன்புதான் வரப்பு வரப்பாக நடந்து ஓட்டு வாங்கியவர்கள்.

ஆகஸ்ட் 6ல் சமரசம் அறிவிக்கப்பட்டது. 40 சதவீதம் 30 ஆனது. சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது இரண்டு ஹெக்டேருக்குள் நிலம் உள்ளவர்களுக்கு, ஏற்றமே கிடையாது. யூரியா டன் 3,060 ரூபாய், மூட்டை 153 ரூபாய்.

கணக்குப் போட்டால் மூட்டைக்கு 12 ரூபாய் வித்தியாசம். நம் செஞ்சிப் பக்கம் ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா போடுகிற நெல் விவசாயிக்கு ஏக்கருக்கு 24 ரூபாய். இதற்கா ஒரு ஆட்சி ஆட்டம் கண்டது என்று சிரிக்காதீர்கள். உரக்கடையில் கடன் சொல்லி மூட்டை எடுத்து, அறுத்து, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லைப் போட்டு, காசு கைக்கு வந்தபின் பாக்கியை அடைக்கிற ஆளுக்கு 1991ன் 24 ரூபாய் சின்னக் காசு இல்லை. அதை டெல்லியில் ஒரு அறைக்குள் யாரோ நினைவுபடுத்தினார்கள் என்றால் அந்தப் பூசலுக்கு என் ஓட்டு.

இப்போது நீங்கள் கேட்கப் போகும் கேள்வி தெரியும். "அவர்கள் ஏழை விவசாயிக்காகவா சண்டை போட்டார்கள்? பெரிய நிலக்காரர்களுக்காகத்தானே?" இருக்கலாம். அரசியல்வாதியின் மனசுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க நான் வரவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். மேலே இருந்து வந்த முடிவில் ஐந்து ஏக்கர்காரனுக்கும் ஐம்பது ஏக்கர்காரனுக்கும் ஒரே விலை. சண்டைக்குப் பிறகுதான் 'சிறு விவசாயி' என்ற ஆள் அந்தக் காகிதத்திலேயே ஏறினான். நிபுணர்கள் மறந்ததைக் கலகக்காரர்கள் எழுத வைத்தார்கள்.

சரி, சண்டையைப் பாராட்டியாச்சு. இப்போது சமரசத்தைத் திட்டுகிறேன்.

சிறு விவசாயிக்கு ஒரு விலை, மற்றவனுக்கு ஒரு விலை என்றால் கடைக்காரனுக்கு யார் யார் என்று எப்படித் தெரியும்? குத்தகைக்காரனிடம் பட்டா ஏது? அண்ணன் பெயரில் நிலம், தம்பி உழுகிறான், யார் பெயரில் சீட்டு? ஒரே கடையில் ஒரே மூட்டைக்கு இரண்டு விலை வைத்தால் மலிவு மூட்டை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுத வேண்டாம். இந்த இரட்டை விலை நிலைக்கவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு சமரசம். 1992 ஆகஸ்டில் யூரியா விலையைச் சுமார் 10 சதவீதம் குறைத்தார்கள், டன் 2,760 ரூபாய். அதே கையோடு டி.ஏ.பி., பொட்டாஷ் போன்றவற்றின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள், அவற்றின் விலை எகிறியது. யூரியா எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதன் விலை ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். பொட்டாஷ் ஏறினால் அவ்வளவு சத்தம் வராது. ஆக அரசியலில் சத்தம் குறைவான இடமாகப் பார்த்துச் சுமையை இறக்கி வைத்தார்கள்.

மண்ணுக்கு அரசியல் தெரியாதே! விவசாயி மலிவானதை அள்ளிப் போட்டான், விலை ஏறியதைக் குறைத்தான். நாடு முழுக்கத் தழை, மணி, சாம்பல் சத்து போடும் விகிதம் 1991-92ல் 5.9 : 2.4 : 1. அடுத்த ஒரே வருடத்தில் 9.5 : 3.2 : 1. வேளாண்துறை சொல்கிற அளவு 4 : 2 : 1. பயிர் கருகரு என்று பச்சை காட்டும், பூச்சி விழும், கதிர் சாயும், மருந்துக்கு மறுபடியும் கடன். நிலத்தின் பலம் வருடா வருடம் கரையும். இதையும் நான் தேசியக் கடன் என்றுதான் சொல்வேன், ரிசர்வ் வங்கியின் கணக்கில் வராவிட்டாலும்.

2010லும் இதே கதை. சத்தின் அடிப்படையில் மானியம் என்று புதுத் திட்டம் வந்தது, யூரியாவை மட்டும் தொடாமல் விட்டார்கள். 2018ல் வந்தது இதைவிடத் தமாஷ். யூரியாவின் டன் விலையைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை, அதனால் 50 கிலோ மூட்டையை 45 கிலோவாகச் சின்னதாக்கினார்கள். விவசாயி மூட்டைக் கணக்கில்தான் போடுவான், அதனால் தானாகவே குறைவாகப் போடுவான் என்று யோசனை. எங்கள் பக்கம் மல்லாட்டை போடுகிறவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இந்த மூட்டைத் தந்திரத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்று. இங்கே எழுத முடியாத மாதிரி சொல்வார் :-)

விலையைத் தொடாவிட்டால் மீதிக் காசு எங்கிருந்து வரும்? மானியம். 2022-23ல் உக்ரைன் போரால் உலக விலை ஏறியபோது உர மானியம் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். மானியம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சிங்கவரத்தில் நாற்று நட ஆள் இருக்காது. ஆனால் வரியில் பற்றாத பணம் கடனில் வருகிறது, கடனுக்கு வட்டி உண்டு. 2025-26 மத்திய பட்ஜெட் மொத்தம் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. ரூபாய்க்கு 25 காசு பழைய பாக்கிக்கு வட்டி. அசல் இல்லை, வட்டி!

1991ல் சண்டை போட்டவர்கள் "விலையைக் குறை" என்றார்கள், நியாயம். "அந்தக் காசை யாரிடம் வாங்கப் போகிறாய்?" என்று ஒருவரும் கேட்டு முடிவு வாங்கவில்லை. அந்த அறையில் எல்லாத் தரப்புக்கும் ஆள் இருந்தது, ஒரே ஒருவருக்கு இல்லை: பின்னால் பிறக்கப் போகிறவனுக்கு. அவன் நாம்தான். சமரசம் என்றால் அங்கே இருக்கிற இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு, பில்லை அங்கே இல்லாத மூன்றாவது ஆளின் தலையில் கட்டுவது என்று ஆகிவிட்டது.

அடுத்த கேள்வி: "அமெரிக்காவில் சண்டை போட்டு என்ன கிழித்தார்கள்?" நல்ல கேள்வி. 2023ல் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி கடன் வரம்பு விஷயத்தில் பைடனோடு சமரசம் செய்தார். செப்டம்பர் கடைசியில் அரசு முடங்காமல் இருக்க இன்னொரு சமரசம். அக்டோபர் 3ல் அவர் கட்சிக்காரர்கள் எட்டுப் பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஓட்டுப் போட்டு அவரை நாற்காலியிலிருந்து இறக்கினார்கள், 216க்கு 210. கடன் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. ஏன்? அங்கே கடன் வரம்புச் சண்டை என்பது ஏற்கெனவே செலவழித்த காசுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்ற சண்டை. ஓட்டலில் பிரியாணி தின்றுவிட்டு, பில் வந்தபின் சர்வரைச் சட்டையைப் பிடிக்கிற மாதிரி. நான் கேட்பது ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் நடக்கிற சண்டை.

சண்டையே இல்லாத இடங்களுக்குப் போவோம். அமைதிப் பூங்காக்கள்!

ஒன்று, நம் தமிழ்நாடு. 2001ல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் கஜானா காலி என்று வெள்ளை அறிக்கை வந்தது. பிறகு சிக்கனம். விவசாய இலவச மின்சாரத்தில் கை வைத்தார்கள், ரேஷனில் கை வைத்தார்கள், அரசு ஊழியர் சலுகைகளில் கை வைத்தார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ். இதில் எது தேவை, எது அதிகப்படி என்று அந்தக் கட்சிக்குள் ஒரு ஆள் வாய் திறந்தாரா? வாய் திறந்து பேச அங்கே இடம் ஏது? கட்சிக்குள் பேசாததை ஜனங்கள் 2004 மே மாதம் பேசினார்கள், புதுச்சேரியோடு சேர்த்து நாற்பதுக்கு நாற்பது தோல்வி. சில நாட்களில் பல முடிவுகள் ஒரே அறிவிப்பில் வாபஸ். நல்லதும் போனது, கெட்டதும் போனது. எதை வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கக்கூட ஆள் இல்லை. மூன்று வருடம் முன்பே நாலு எம்.எல்.ஏ.க்கள் உள்ளே சண்டை போட்டிருந்தால் பாதி அழிவு மிச்சம்.

இரண்டு, இலங்கை. 2019 டிசம்பரில் கோத்தபாய அரசு வாட் வரியை 15லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. 2020 தேர்தலில் கூட்டாளிகளோடு மூன்றில் இரண்டு பங்கு பலம். அண்ணன் பிரதமர், தம்பி ஜனாதிபதி, 2021ல் இன்னொரு தம்பி நிதியமைச்சர். குடும்பமே அமைச்சரவை என்றால் உட்கட்சிப் பூசல் எங்கிருந்து வரும்? 2021ல் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், விளைச்சல் விழுந்தது, நவம்பரில் பின்வாங்கினார்கள். நிதியமைச்சரை வெளிப்படையாக விமர்சித்த விமல் வீரவன்ச, உதய கம்மன்பில இருவரையும் 2022 மார்ச்சில் அமைச்சரவையிலிருந்து தூக்கினார்கள். ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த இரண்டு பேரின் மற்ற அரசியல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, தமிழர் யாருக்கும் பிடிக்காது. ஆனால் அந்தக் கட்டத்தில் வாய் திறந்த ஆளை வெளியே அனுப்பினார்கள், கடன்காரனை வெளியே அனுப்ப முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள் எந்த அமைச்சரவையிலும் இல்லை.

மூன்று, நம் நாடாளுமன்றம். 2018 மார்ச் 14. மக்களவையில் கூச்சல், விவாதம் இல்லை. எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் சுமார் அரை மணி நேரத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. நம் கல்லூரி ஆண்டுவிழாவுக்கு எத்தனை கலர் பலூன் வாங்குவது என்று அதைவிட அதிக நேரம் அடித்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா?

ஏன் இப்படி? 1985ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம். விலைக்குப் போகிற எம்.எல்.ஏ.க்களைத் தடுக்க வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும் என்பதால் விலைபோகாதவனின் வாயும் சேர்த்தே தைக்கப்பட்டது. விலைபோகிறவன் ராஜினாமா செய்துவிட்டு வேறு கொடியில் நிற்கக் கற்றுக்கொண்டான். தினேஷ் கோஸ்வாமி குழு 1990லேயே சொன்னது, நம்பிக்கை வாக்கெடுப்பு மாதிரி ஆட்சியின் உயிருக்கு ஆபத்தான விஷயத்துக்கு மட்டும் இந்தத் தண்டனை போதும் என்று. யாரும் தொடவில்லை. எந்தத் தலைவருக்குத்தான் பேசுகிற எம்.பி. பிடிக்கும்? மிஞ்சியிருப்பது கட்சிக் கூட்ட அறை ஒன்றுதான். 1991ல் அந்த அறை வேலை செய்தது. இப்போது அந்த அறைகளில் சால்வை போடுகிறார்கள்.

எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு. ஆற்காட்டு நவாப்பு கப்பப் பாக்கியைக் கேட்க, தேசிங்கு ராஜா மறுக்க, 1714ல் போர் மூண்டது. கிளம்புவதற்கு முன் தேசிங்கு சிங்கவரம் மலைக் குகைக்கோயிலில் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டான். பெருமாளுக்குச் சம்மதம் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொல்வார்கள். தேசிங்கு கேட்கவில்லை, போனான், மாண்டான். நாம் இன்றுவரை தேசிங்கின் வீரத்தைத்தான் பாடிக்கொண்டு இருக்கிறோம். என் கட்சி பெருமாள் கட்சி. அரண்மனையில் எல்லோரும் தலையாட்டியபோது 'வேண்டாம்' என்று சொல்ல அங்கே இருந்தது கல்லில் செதுக்கிய ஒருவர் மட்டும்தானா என்பதுதான் எனக்கு அந்தக் கதையில் உறுத்துகிறது.

இப்போது தமிழ்நாட்டுக் கணக்கு. 2021 ஆகஸ்ட் 9ல் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் மாநிலக் கடன் 5.70 லட்சம் கோடி, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய். 2020-21 வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 61,320 கோடி. அதாவது அணை கட்டக் கடன் வாங்கவில்லை, அன்றாடச் செலவுக்கே வாங்கினோம். கிணறு வெட்டக் கடன் வாங்குவது வேறு, காதுகுத்துக்கு வாங்குவது வேறு. 2023 மே மாதம் அவர் நிதித்துறையிலிருந்து மாற்றப்பட்டார். சரியா தப்பா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் எந்தக் கணக்குக்காக, எந்தக் கொள்கை வேறுபாட்டுக்காக என்று நமக்கு யாராவது சொன்னார்களா? 2025-26 பட்ஜெட் ஆவணத்தில் 2026 மார்ச் முடிவில் கடன் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

அந்த பட்ஜெட் சமயத்தில் நாடு முழுக்க எதற்குச் சண்டை நடந்தது தெரியுமா? இலச்சினையில் ₹ போடாமல் 'ரூ' போட்டதற்கு! டெல்லி கண்டித்தது, சென்னை மார்தட்டியது. ₹ குறியீட்டை வரைந்தவர் நம் பக்கத்து ரிஷிவந்தியம் தொகுதியின் முன்னாள் தி.மு.க. எம்.எல்.ஏ. மகன் என்பது வரை தோண்டி எடுத்தோம். 'ரூ'வா ₹ஆ என்று மூன்று நாள் அடித்துக்கொண்டோம். அதற்குப் பக்கத்தில் இருந்த 9.29 லட்சம் கோடியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழ் எனக்கும் உயிர்தான். ஆனால் கடன் எந்த எழுத்தில் எழுதினாலும் கடன்தான்.

கடைசியாக, நான் கேட்பது மூன்றே மூன்று.

கட்சித்தாவல் தண்டனையை நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்துங்கள். மற்ற விஷயங்களில், தன் தொகுதிக்காரனுக்குப் பாதகம் என்று நினைக்கிற எம்.எல்.ஏ. எதிர்த்து ஓட்டுப் போடட்டும்.

பட்ஜெட்டுக்கு முன் ஒவ்வொரு கட்சியும் தன் உறுப்பினர்களைக் கூட்டி அடித்துக்கொள்ளட்டும். என்ன பேசினார்கள் என்று வெளியே வரட்டும். கட்சி மானம் போகாது.

யார் எந்தச் சலுகை கேட்டாலும், அதே மூச்சில் காசு எங்கிருந்து என்றும் சொல்ல வேண்டும். எந்த வரி, எந்தச் செலவில் வெட்டு, அல்லது எத்தனை வருடக் கடன். "பார்த்துக்கொள்ளலாம்" என்று முடியும் சமரசம் எதுவும் செல்லாது.

செஞ்சியில் நிதித்துறைக்கு இணையமைச்சர் வரை அனுப்பிய ஊர்க்காரர்கள் நாங்கள். வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது சாலை, தண்ணீர், மேம்பாலம் எல்லாம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். இனி இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "அண்ணே, பட்ஜெட் விஷயத்தில் உங்கள் தலைவரோடு எப்போதாவது சண்டை போட்டிருக்கீங்களா?" சிரித்து மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். நம் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்க ஒரு ஆள் தயாராக நிற்கிறார்.

டிஸ்கி: நான் எந்தக் கட்சியும் இல்லை. திட்டுவதாக இருந்தால் கணக்கோடு வந்து திட்டவும். சண்டைக்கு நான் ரெடி, அதுதானே பதிவே!